இருட்டு வாட்ச்: கிள்ளானிலிருந்து சலாலா வரை

கோலசிலாங்கூர், கிளம்புவதற்கு முன்

ஓமானின் சலாலா துறைமுகத்துக்குப் போகும் எங்கள் கப்பல் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கிறது. சரக்கு ஏற்றி முடிய நாளை மதியம் ஆகிவிடும் என்று தெரிந்ததும் சாயங்காலமே கம்போங் குவாந்தானுக்குக் கிளம்பிவிட்டேன். சிலாங்கூர் ஆற்றங்கரையில் மின்மினி மரங்கள் இருக்கும் ஊர் அது. மோட்டார் கிடையாது, துடுப்புப் படகுதான். ஏறும்போதே போனை அணைத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார் படகுக்காரர்.

கரையோர பெரம்பாங் மரங்களின் இலைகளில் ஆண் மின்மினிகள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் மின்னுகின்றன. பறந்துகொண்டே இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து. டெரோப்டிக்ஸ் டெனர் என்று இனத்தின் பெயர். முதலில் ஒரு கிளையில் நாலைந்து ஒத்துப்போகும். பக்கத்துக் கிளை அதைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் முழு மரமும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும். தாளம் போட்டுக்கொடுக்கத் தலைவன் யாரும் கிடையாது. ஒவ்வொரு பூச்சிக்கும் உள்ளே சொந்தமாக ஒரு துடிப்பு இருக்கிறது. பக்கத்தில் மின்னுவது கண்ணில் பட்டதும் தன் துடிப்பை அது கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திக்கொள்கிறது. எல்லாம் அப்படியே செய்தால் மரம் முழுக்க ஒரே தாளம்.

1917-இல் அமெரிக்காவிலிருந்து ஒருவர் 'சயின்ஸ்' இதழுக்கு எழுதினார்: பூச்சிகள் சேர்ந்து மின்னுவதெல்லாம் கிடையாது, பார்த்தவரின் கண் இமைதான் துடித்திருக்கும் என்று. அவரை இந்தப் படகில் ஒருமுறை உட்காரவைத்திருக்க வேண்டும்.

வெளிச்சம் பிறப்பது வயிற்றின் கடைசிக் கண்டங்களில். லூசிஃபெரின் என்ற பொருளை லூசிஃபெரேஸ் என்ற நொதி ஆக்சிஜனோடு சேர்க்கிறது. அதற்கு ஏடிபி என்ற செல்லின் எரிபொருள் செலவாகிறது. சூடு கிட்டத்தட்ட இல்லை. ஆக்சிஜன் வேண்டும் என்பதை 1667-லேயே ராபர்ட் பாயில் கண்டுவிட்டார். ஒளிரும் மக்கிய மரக்கட்டையை கண்ணாடிக் குடுவைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சினார், ஒளி மங்கியது. காற்றை மறுபடி விட்டார், ஒளி திரும்பியது. அந்தக் கட்டையில் ஒளிர்ந்தது பூஞ்சை என்பதோ, ஆக்சிஜன் என்று ஒன்று உண்டு என்பதோ அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

மின்மினி மின்னுவது பெண்ணின் கண்ணில் பட. என்னைப் பார் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இதைக் குறித்துவைக்கிறேன். நாளையிலிருந்து போகும் பாதையில் வெளிச்சத்துக்கு இவ்வளவு நேரடியான வேலை கிடையாது.

மலாக்கா நீரிணை

நான் இந்தக் கப்பலின் செகண்ட் ஆபீசர். எனக்கு 12–4 வாட்ச், அதாவது பன்னிரண்டு மணி முதல் நாலு மணி வரை கப்பலைக் கவனிக்கும் முறை. நள்ளிரவுக்குக் கால் மணி முன்பே, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்குப் போய் ஒரு மூலையில் சும்மா நிற்பேன். கண் இருட்டுக்குப் பழகும் வரை வாட்சைக் கையில் வாங்கக் கூடாது, மாலுமிகளின் பயிற்சிக்கும் வாட்சுக்குமான எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச விதியிலேயே இருக்கிறது. பிரிட்ஜில் ஒரு விளக்கும் எரியாது. ராடார், மின்வரைபடத் திரை எல்லாம் இரவு நிறத்துக்கு மாற்றி, குறைக்க முடிந்த அளவு குறைத்திருக்கும். சார்ட் மேசையைத் திரைபோட்டு மூடி உள்ளே மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு.

விழித்திரையில் மங்கல் ஒளியைப் பார்க்கும் கோல் செல்களில் இருக்கும் ரொடாப்சின் என்ற நிறமி, ஒளி பட்டால் வெளுத்துவிடும். அதை மறுபடி கட்டியெழுப்ப வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ஒரு மூலக்கூறு வேண்டும். முழுதாகத் தேற அரை மணிக்கு மேல் பிடிக்கும். தேறிய பிறகு அந்தக் கண்ணுக்கு நிகரே இல்லை. 1942-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் மூவரும் அளந்தார்கள். கண்ணின் முன்புறத்தில் 54 முதல் 148 ஃபோட்டான்கள் பட்டால் மனிதனால் பார்க்க முடிகிறது. அதிலும் விழித்திரையில் உண்மையாகப் பயன்படுவது 5 முதல் 14 வரைதான். அப்படியென்றால் ஒரு கோல் செல்லை எழுப்ப ஒற்றை ஃபோட்டான் போதும்.

நம் பார்வையின் நட்டநடுவில் கோல் செல்கள் கிடையாது. அதனால் தூரத்து மங்கல் விளக்கை நேராகப் பார்த்தால் தெரியாது, சற்றே பக்கத்தில் பார்த்தால் தெரியும். லுக்அவுட்டாக, கடலைக் கண்ணால் கண்காணிக்க நிற்கும் அண்ணனுக்கு இதெல்லாம் யாரும் பாடமாகச் சொன்னதில்லை. "நேரா பாத்தா ஓடிப்போயிரும் செகண்ட் சாப்" என்பார், அவ்வளவுதான். நீரிணை முழுக்க மீன்பிடிப் படகுகள். மேற்கொண்டு எழுத நேரமில்லை.

அந்தமான் கடல்

சுமத்ராவின் வட முனையைத் தாண்டியதும் நெரிசல் விட்டது. நிலவு அஸ்தமித்துவிட்டது. பிரிட்ஜின் பக்கவாட்டில் நீளும் விங்கின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தேன். கப்பலின் முகப்பு கிழிக்கிற தண்ணீர் நீலப் பச்சையாக எரிகிறது. டால்ஃபின்கள் நாலைந்து வந்தன. உடம்பு தெரியவில்லை, ஒளிக் கோடுகளாகத்தான் வந்து போயின.

ஒளிர்வது டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒற்றைச் செல் உயிர்கள். தண்ணீரின் இழுப்பு செல்லின் மேல்தோலை நெளிக்கிறது. உடனே உள்ளே ஒரு மின்துடிப்பு ஓடுகிறது. செல்லின் நடுவே அமிலம் நிரம்பிய பெரிய பை இருக்கிறது, அதிலிருந்து புரோட்டான்கள் சின்னச் சின்ன ஒளிப் பைகளுக்குள் பாய்கின்றன. அமிலம் ஏறியதும் நொதி விழித்துக்கொள்கிறது. ஒரு மினுக்கு, ஒரு நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பகலில் எவ்வளவு கலக்கினாலும் இந்த அளவு மின்னாது. இவற்றுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரே சீரான மங்கல் ஒளியில் வைத்தபோதும், வெளியே இரவாக இருக்க வேண்டிய வேளையில்தான் கூடுதலாக மின்னின.

எதற்கு மின்ன வேண்டும்? கப்பலை வரவேற்க இல்லை. இந்தச் செல்லைத் தின்ன இறால் இனத்துக்கு உறவான கோபிபாட் என்ற நுண்ணுயிர்போன்ற சின்னப் பிராணி வருகிறது. அது தொட்டதும் மின்னல். கோபிபாட் திடுக்கிட்டு விலகலாம். விலகாவிட்டால் அந்த வெளிச்சத்தில் கோபிபாட் இருக்கும் இடம் அதைத் தின்னும் மீனுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் திருடன் புகுந்தால் ஊரைக் கூட்டிக் கூச்சல் போடுவதுபோல. இப்படித்தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள், எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது. ஆற்றங்கரை மின்மினி தன்னைக் காட்டிக்கொள்ள மின்னியது. இது எதிரியைக் காட்டிக்கொடுக்க மின்னுகிறது.

நிறம் நீலப் பச்சையாக இருப்பதும் தற்செயல் அல்ல. தெளிந்த கடல்நீரில் அதிக தூரம் போவது நீலம்தான், 475 நானோமீட்டர் வாக்கில். சிவப்பு சில பத்து மீட்டர்களிலேயே ஏறக்குறைய தீர்ந்துவிடும்.

வங்கக் கடலின் தென்கோடி

இன்று மாலை என் வாட்ச் இல்லாத நேரத்தில் பிரிட்ஜுக்குப் போனேன். ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரைக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டதும் சீஃப் ஆபீசர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கீழே ஆழம் 4,000 மீட்டருக்குக் கிட்ட. இங்கே கப்பல் தரை தட்டுவதற்கு வழியே இல்லை. ஆனாலும் திரையில் தரை போல ஒன்று தெரிந்தது. நானூறு மீட்டர் வாக்கில் மங்கலான ஒரு பட்டை. சூரியன் இறங்க இறங்க அந்தப் பட்டை மேலே ஏறி வந்தது.

இரண்டாம் உலகப் போரில் நீருக்குள் ஒலி அனுப்பி நீர்மூழ்கிகளைத் தேடிய அமெரிக்க சோனார்காரர்களை முதலில் குழப்பியது இதுதான். 1942-இல் கலிஃபோர்னியாவுக்கு அப்பால் பார்த்தார்கள், வரைபடத்தில் இல்லாத ஒரு தரை. 1945-இல் மார்ட்டின் ஜான்சன் என்ற கடல் உயிரியலாளர், அந்தத் தரை மாலையில் மேலே வந்து காலையில் கீழே போகிறது, ஆகவே அது உயிர்தான் என்று காட்டினார். விளக்குமீன்கள், இறால்போன்ற கிரில், இறால்கள், ஜெல்லிமீனுக்கு உறவான காற்றுப் பை உள்ள சைஃபனோஃபோர்கள். உலகத்தில் நடக்கும் விலங்கு இடப்பெயர்ச்சிகளில் ஆகப் பெரியது இது, அதுவும் தினமும் இரண்டு முறை. எல்லாம் ஓர் ஒளி அளவைத் துரத்திக்கொண்டு. தங்களைத் தின்பவனுக்குத் தெரியாத அளவு இருட்டு எந்த ஆழத்தில் இருக்கிறதோ அங்கேயே நிற்கின்றன. சூரியன் போனால் அந்த இருட்டு மேலே ஏறும், இவையும் ஏறும். சூரிய கிரகணத்தின்போது பட்டப்பகலில் மேலே கிளம்பியிருக்கின்றன. முழுநிலவு நாளில் மேற்பரப்புக்கு வரத் தயங்கும்.

பகலில் அந்த ஆழத்தில் முழு இருட்டு கிடையாது. மேலிருந்து மங்கலாக நீலம் கசியும். அதுதான் ஆபத்து. கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் எதிரிக்கு உங்கள் உடம்பு கறுப்பு நிழலாகத் தெரியும். அதனால் விளக்குமீனும் கோடரிமீனும் வயிற்றுப் பக்கம் வரிசையாக ஒளிப்புள்ளிகளை வைத்திருக்கின்றன. மேலிருந்து வரும் ஒளி எவ்வளவோ அவ்வளவே, அதே நீலத்தில், கீழே பார்த்து விடுகின்றன. மேகம் மறைத்தால் குறைக்கும், விலகினால் கூட்டும். நிழல் கரைந்துபோகும்.

இதை முதன்முதலில் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒளிந்துகொள்ள விளக்கேற்றுவது! நம் ஆட்களுக்கும் போர்க்காலத்தில் இந்த யோசனை வந்தது. 1940-களின் தொடக்கத்தில் கனடா கடற்படை, கப்பலின் பக்கங்களில் விளக்குகளைப் பொருத்தி, இரவு வானத்தின் மங்கல் ஒளிக்குச் சமமாக்கிக் கப்பலை மறைக்கப் பார்த்தது. அமெரிக்கர்கள் விமானத்தின் முகப்பில் விளக்கு வைத்துப் பார்த்தார்கள், எதிரே வரும் விமானம் வானத்தோடு கலந்துவிடும் என்று. சோதனையில் இரண்டுமே பலித்தன. ராடார் வந்ததும் கண்ணை ஏமாற்றுவதற்கு மதிப்பில்லாமல் போனது. மீன்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சில இனங்கள் விளக்கை வாடகைக்கு எடுத்திருக்கின்றன. ஹவாயில் கரையோரம் வாழும் குட்டைவால் கணவாய் ஒன்று, விப்ரியோ ஃபிஷரி என்ற பாக்டீரியாவை உடம்புக்குள் ஓர் உறுப்பில் வளர்த்து, அதன் ஒளியைக் கொண்டு நிலவொளியில் தன் நிழலை அழிக்கிறது. விடிந்ததும் பெரும்பகுதி பாக்டீரியாவை வெளியே தள்ளிவிடும். மிச்சம் சாயங்காலத்துக்குள் பெருகிக்கொள்ளும். அந்த பாக்டீரியா தனியாக இருந்தால் ஒளிராது. ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. அந்தப் பொருளின் அடர்த்தி ஓர் அளவைத் தாண்டினால் போதுமான கூட்டம் சேர்ந்துவிட்டது என்று பொருள், அப்போதுதான் எல்லாம் ஒளிர ஆரம்பிக்கும்.

இன்னொரு ஆள் இருக்கிறது, மாலகோஸ்டியஸ். ஆழ்கடலில் பெரும்பாலான கண்களுக்கு நீலம் மட்டும்தான் தெரியும், சிவப்பு தெரியாது. இந்த மீன் கண்ணுக்குக் கீழே சிவப்பு விளக்கு வைத்திருக்கிறது. தானும் அதைப் பார்க்க வேண்டுமே? அதன் விழித்திரையில் பச்சையத்திலிருந்து வந்த ஒரு நிறமி இருக்கிறது. அது சிவப்பை வாங்கி, கண்ணின் நிறமிக்குக் கடத்துகிறது. பச்சையத்தை எந்த மீனும் தயாரிக்க முடியாது, உணவுச் சங்கிலி வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியாத விளக்கில் இரை தேடுகிறது. எங்கள் சார்ட் மேசைச் சிவப்பு விளக்கிலும் இதே தந்திரம்தான். கோல் செல்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, ஆகவே ரொடாப்சின் கெடாது, வரைபடத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் எங்கோ மூலையில் கிடக்கும் அதிசயங்கள் என்று நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியாவுக்கு அப்பால் மேற்பரப்பிலிருந்து கிட்டத்தட்ட 4,000 மீட்டர் வரை 17 ஆண்டுகள் எடுத்த வீடியோக்களை மார்ட்டினி, ஹேடாக் என்ற இருவர் எண்ணிப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். நீரில் மிதந்தும் நீந்தியும் வாழ்பவற்றில் 76 சதவீதம் ஒளி உண்டாக்கக்கூடியவை.

இலங்கையின் டொண்ட்ரா முனைக்குத் தெற்கே

நல்ல நெரிசல். கடலைப் பார்க்கவே இல்லை, கப்பல்களைத்தான் பார்த்தேன்.

எட்டு டிகிரி கால்வாய்

மினிக்காய்க்கும் மாலத்தீவுக்கும் நடுவில் உள்ள கால்வாய் இது. லட்சத்தீவின் மினிக்காய் கலங்கரை விளக்கம் வலப்பக்கம் தெரிந்தது. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனி மினுக்கு உண்டு, அதை எண்ணித்தான் எந்த விளக்கு என்று உறுதி செய்வோம். மின்மினிகளும் பல இடங்களில் இப்படித்தான் இனம் கண்டுகொள்கின்றன. இந்த முறையை ஏமாற்றுகிறவர்களும் உண்டு. வட அமெரிக்காவின் ஃபோட்டூரிஸ் பெண் மின்மினி வேறோர் இனத்துப் பெண்ணின் பதில் மினுக்கைப் போலவே மின்னும். ஆசையோடு இறங்கும் ஆணைத் தின்றுவிடும். 1960-களில் ஜேம்ஸ் லாயிட் என்பவர் இதைக் கண்டறிந்தார். பொய்க் கலங்கரை விளக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கே போவதால் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே வருகிறோம். மலேசியாவுக்கும் ஓமானுக்கும் நாலு மணி நேர வித்தியாசம். தள்ளும் நாளுக்கு 25 மணி நேரம். யாரும் முணுமுணுப்பதில்லை. கிழக்கே போகும் பயணத்தில்தான் கப்பல் முழுக்க முகம் தொங்கும். "போகும்போது ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம், வரும்போது அதைப் புடுங்கிருவாங்க" என்பது லுக்அவுட் அண்ணனின் விளக்கம். பாதி சரி. மீதிப் பாதி, மனித உடம்பின் உள் கடிகாரம் 24 மணிக்குக் கொஞ்சம் கூடுதல், சராசரி 24.2 மணி. தானாகவே பின்தங்கும் கடிகாரத்தை இன்னும் பின்னால் தள்ளுவது எளிது.

அந்தக் கடிகாரத்துக்குத் தினமும் நேரம் சொல்வது கண்தான், ஆனால் பார்க்கும் வேலையைச் செய்கிற செல்கள் மட்டும் அல்ல. 1998-இல் இக்னாசியோ ப்ராவென்சியோ தவளைத் தோலின் நிறமிச் செல்களில் மெலனாப்சின் என்ற ஒளி உணர்வுப் புரதத்தைக் கண்டார். தோலில்! பிறகு நம் விழித்திரையிலேயே அது இருப்பது தெரிந்தது, உருவம் பார்க்கும் செல்களில் அல்ல, மூளைக்கு நரம்பை அனுப்பும் செல்களில் சிலவற்றில். 2002-இல் டேவிட் பெர்சன் குழு அந்தச் செல்கள் வேறு எந்தச் செல்லின் உதவியும் இல்லாமல் தாமே ஒளிக்குத் துடிப்பதைக் காட்டியது. பார்வையே இல்லாத சிலருக்கும் அவை பழுதின்றி இருப்பதால் பகல் இரவு உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. அவற்றை அதிகம் உசுப்புவது 480 நானோமீட்டர் வாக்கில் உள்ள நீலம். கடலில் அதிக தூரம் போகும் நிறமும் ஏறக்குறைய அதுவே. நம் முன்னோரின் கண்கள் நீருக்குள் உருவானவை என்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இது என் ஊகம் மட்டுமே.

வாட்ச் முடிந்து நாலு மணிக்குக் கேபினுக்குப் போனதும் போனை நோண்டக் கூடாது என்று தெரியும்.

அரபிக் கடல்

காலையில் டெக்கில் ஒரு சின்னக் கறுப்புப் பறவை. ஸ்டார்ம் பெட்ரல் என்ற கடற்பறவை வகை. நேற்றிரவு ஏதோ வேலைக்காகப் பின்பக்க விளக்குகளைப் போட்டிருந்தார்கள், அதற்கு வந்து விழுந்திருக்கும். இந்தப் பறவைகள் இருட்டிலும் இரை தேடுபவை. பிரகாசமான விளக்கின் வட்டத்துக்குள் வந்துவிட்டால் வெளியே போகத் தெரியாமல் சுற்றும், மோதும். சமதரையிலிருந்து எழும்பவும் திணறும். அட்டைப் பெட்டியில் போட்டு இருட்டில் வைத்திருந்து, இரவு விளக்கில்லாத பக்கமாகக் கொண்டுபோய் விட்டோம். போய்விட்டது.

ஓமானுக்கு அப்பால்

பகலிலேயே கடல் பச்சைக் கூழாக இருக்கிறது. நாக்டிலூக்கா. டைனோஃபிளாஜெல்லேட் கூட்டம்தான், ஆனால் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியது. சில ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். பச்சை அதன் நிறமல்ல. உள்ளே ஆயிரக்கணக்கில் நீந்திக்கொண்டிருக்கும் பெடினோமோனாஸ் என்ற பாசியின் நிறம். பாசி ஒளியில் உணவு சமைக்கும், நாக்டிலூக்கா அதையும் எடுத்துக்கொண்டு வெளியே கிடைப்பதையும் விழுங்கும். 2000-க்குப் பிறகு குளிர்கால அரபிக் கடலில் டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசிகளின் இடத்தை இது பிடித்துக்கொண்டது. ஆக்சிஜன் குறைந்த நீர் மேலே பரவுவதே காரணம் என்று 2014-இல் ஹெல்கா கோம்ஸ், ஜோக்கிம் கோஸ் உள்ளிட்ட குழு எழுதியது. இதைத் தின்பவை பெரும்பாலும் ஜெல்லி வகைகள், ஜெல்லிபோல் உடம்புள்ள சல்ப்கள். மீன்களுக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. இரவில் கப்பலின் பின்தடம் அடிவானம் வரை நீலமாகக் கிடந்தது. படத்துக்கு அழகு, கடலுக்கு நல்ல செய்தி இல்லை.

சலாலா வருமுன்

யேமனின் சொகோத்ரா தீவு தென்மேற்கே இருக்கிறது. மாலுமிகள் பால்கடல் என்று சொல்வதை அதிகம் கண்ட வட்டாரம் இது. அலையில் மினுங்குவதல்ல, அசையாத கடல் முழுக்க அடிவானம் வரை வெண்மையாக, விட்டு விட்டு இல்லாமல் தொடர்ந்து ஒளிர்வது. நூற்றாண்டுகளாக மாலுமிகள் சொன்னதைக் கரையில் இருந்தவர்கள் பாதிதான் நம்பினார்கள். 1995 ஜனவரியில் லிமா என்ற பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சோமாலியாவுக்கு அப்பால் அப்படி ஒரு கடலுக்குள் ஓடி, பதிவு செய்தது. ஸ்டீவன் மில்லர் குழு பழைய செயற்கைக்கோள் படங்களைத் தோண்டி எடுத்து, அதே இடத்தில் அதே இரவில் 15,400 சதுர கிலோமீட்டர் பரப்பு ஒளிர்ந்ததை 2005-இல் வெளியிட்டது. 2019-இல் ஜாவாவுக்குத் தெற்கே ஒளிர்ந்தது 1,00,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதற்குள் மாட்டிய பாய்மரப் படகின் பெயர் கணேஷா.

காரணம் பாக்டீரியா என்பதே இப்போதைய முடிவு, விப்ரியோ ஹார்வேயி போன்றவை. 1985-இல் ஓர் ஆய்வுக் கப்பல் அரபிக் கடலில் எடுத்த நீரில் அது கிடைத்தது. இவை ஒளிந்துகொள்ளவும் இல்லை, எதிரியைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. தங்களைத் தின்னச் சொல்லிக் கூப்பிடுகின்றன போலும். மீனின் குடல் பாக்டீரியாவுக்கு நல்ல வீடு.

நாங்கள் பார்க்கவில்லை. மூன்று இரவும் கடல் கறுப்பாகத்தான் இருந்தது, பின்தடத்தைத் தவிர. ஆனால் இந்தப் பக்கம் ஓடும் கப்பல்களில் இதைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நானூறு ஆண்டுப் பால்கடல் பதிவுகளைத் திரட்டி 2025-இல் வெளியிட்டிருக்கிறார்கள், அடுத்தது எங்கே எப்போது வரும் என்று கணிக்க. கண்ணில் பட்டால் டெக் விளக்கை எல்லாம் அணையுங்கள். இடம், யூடிசி என்ற உலகப் பொது நேரம், காற்று, நீரின் வெப்பநிலை, நிலவு இருந்ததா என்பதை லாக் புத்தகத்தில் எழுதுங்கள். ஒரு வாளி நீர் எடுத்துக் கலக்கிப் பாருங்கள். கலக்கும்போது மின்னினால் அது டைனோஃபிளாஜெல்லேட். கலக்காதபோதே சீராக ஒளிர்ந்தால், வாளியை மூடி வைத்துவிட்டுக் கேப்டனை எழுப்புங்கள்.